எதிர்ஜன்னல் சட்டைகள்

அத்தியாயம் ஆறு

ஆளைக் காணோம். ஆனால் ஆளுடைய சட்டைகள் மட்டும் வாரம் தவறாமல் தோய்ந்து, பிழிந்து, ஜம்மென்று கயிற்றில் ஆடுகின்றன!

"பேய்னா சங்கிலி ஆட்டும், ஜன்னலைத் தட்டும்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம். துணி தோய்க்கிற பேயை இப்பதான் கேள்விப்படுறேன். சிக்கிச்சுன்னா என் வீட்டுக்கும் ஒருநாள் அனுப்பி வைங்க," என்றான் தமியாவ்.

சொன்ன வாயோடு பிஃபானாவில் ஒரு கடி. ரொட்டிக்குள் இருந்த பன்றிக்கறி வாய்க்குள் போனது. அதோடு வந்த கடுகுச் சாந்து நேராக அவன் சட்டை மார்பில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

எர்மீனியா அதைப் பார்த்தாள். "சாப்பிட்டுக்கிட்டே துப்பறியாதே. ரெண்டும் வழியுது."

லிஸ்பனில் துப்பறியும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாற்காலியில் உட்காராமல், படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்கியே கண்டுபிடிக்கும் ஆள் எர்மீனியா தபோர்தா ஒருத்திதான். தமியாவ் முன்னாள் ட்ராம் ஓட்டுநர். முதுகு போனதும் ட்ராமை விட்டான், பேச்சை விடவில்லை. மனைவி விட்டுப் போன பிறகு வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. அதனால் நாளெல்லாம் எர்மீனியாவின் காதைத் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போனதும் ரேடியோவைப் பேசவிட்டுத் தூங்குவான்.

இப்போது இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தது ஊசிச் சந்தின் முனையில், தோனா பெலிஸ்பேலாவின் மளிகைக் கடையில். துப்பறியக் கூப்பிட்டது அவள்தான்.

"சுருக்கமா சொல்லுங்க," என்றாள் எர்மீனியா.

"சுருக்கமா சொல்ல நான் என்ன தந்தியா? கேளுங்க. எட்டாம் நம்பர், மூணாவது மாடி, அன்செல்மு. பொறந்ததே அந்த வீட்லதான். இப்ப கட்டடத்தை ஒரு விடுதிக் கம்பெனி வாங்கிடுச்சு. இவரு ஒரு வருஷமா அங்க குடியே இல்லையாம், ஆத்துக்கு அக்கரையில பொண்ணு வீட்டோட போயிட்டாராம். குடியில்லைன்னா ஒப்பந்தம் செல்லாதுங்கறான். ஆளை வெளிய தள்ளப் பார்க்கிறான். ஆள் விட்டுத் தட்டினப்ப எல்லாம் கதவு திறக்கலையாம்!"

"ஏன் திறக்கலை?"

"நீங்க திறப்பீங்களா? விடிஞ்சா போதும், பெட்டியை உருட்டிக்கிட்டு வர்ற டூரிஸ்ட் எல்லாம் கைக்கு எட்டின மணியை அடிக்கிறான், சாவி குடுங்கறான். மனுஷன் வெறுத்துப் போய் மணிக் கம்பியையே பிடுங்கிப் போட்டுட்டாரு."

"சரி. நான் என்ன செய்யணும்?"

"இங்கதான் குடியிருக்காருன்னு நம்ம வட்டாரப் பங்கு அலுவலகம் ஒரு சான்று குடுத்தா கம்பெனி வாயை மூடிக்கும். அதுக்கு அக்கம்பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரு நேர்ல வந்து 'ஆமா, இருக்காரு'ன்னு சொல்லணும். இன்னைக்கு நாலு மணியோட கெடு முடியுது. ஒரு ஆளு நான். இன்னொரு ஆளு எதிர்வீட்டு குஸ்தோதியோன்னு சொல்லியிருக்காரு. அந்த மலைமாடு எங்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போய் ஒன்றரை வருஷமாச்சு! கருவாட்டுல உப்பு ஜாஸ்தின்னான். போய்க் கடல்கிட்ட சொல்லுன்னேன். அதோட இந்தப் பக்கமே தலைகாட்டலை. கீழ நின்னு கத்தினாலும் பதில் இல்ல. ஆனா சட்டை மட்டும் காயுது!"

"அவரை விட்டா வேற யாரும் இல்லையா அக்கா?" என்றான் தமியாவ்.

பெலிஸ்பேலா கடைக்கு வெளியே கையைக் காட்டினாள். சந்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. கதவுக்குக் கதவு டூரிஸ்டுகளுக்கான எண் பூட்டு. "நீயே எண்ணிச் சொல்லு தம்பி. எண்ணி முடிச்சதும் சொல்லு, நான் அழறேன்."

---

சாந்தா கித்தேரியா என்று ஒரு பங்கு, அதாவது ஒரு கோயில் வட்டாரம், இருந்தது. லிஸ்பனையே இடித்துப் போட்ட அந்தப் பழைய பூகம்பத்துக்குப் பிறகு இடிபாட்டுக்கு நடுவே ஒரு கோயிலைச் சுற்றிப் பிறந்து, அப்புறம் சர்க்காரின் ஆகக் கடைக்குட்டியாக வளர்ந்தது. நாய்க்கு உரிமம், ஏழைக்குச் சான்று, 'இன்னும் சாகவில்லை' என்பதற்கு முத்திரை, எல்லாம் அங்கேதான். எல்லைக் கோட்டை இரண்டு தரம் இழுத்துப் போட்டார்கள், அப்போதும் பிழைத்துக்கொண்டது. கடைசியில் மேலே யாரோ கணக்குப் பார்த்து, சின்னப் பங்குகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஒரு பெயரை வைத்தார்கள். அலுவலகம் மலையடிவாரத்துக்கு இறங்கிவிட்டது.

பழைய அலுவலகத்தில் இப்போது அந்தக் கம்பெனியின் வரவேற்பறை. வாசலில் ஆளுயரத் திரை. அதில் மாதத்துக்கு ஒரு படமாக ஊசிச் சந்து மாறி மாறி வந்தது. மழையில் மின்னும் சந்து, ஜூன் திருவிழாக் காகிதத் தோரணத்தோடு சந்து, 'இந்த மாதம்' என்று எழுதிய மஞ்சள் வெயில் சந்து. எல்லாப் படத்திலும் இரண்டு மாடிகளுக்கு நடுவே, குறுக்குக் கயிற்றில் அந்தப் பெரிய சட்டைகள். கீழே ஒரு வரி: 'உயிருள்ள லிஸ்பனில் தங்குங்கள்.'

"உயிருள்ளவனைத் துரத்திட்டு சட்டையை வச்சு யாவாரம் பண்றான் மேடம்."

எர்மீனியா திரையை நெருங்கினாள். ஒவ்வொரு படமும் மாறும்வரை நின்று பார்த்தாள். எல்லாவற்றையும் தன் கைபேசியில் எடுத்துக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று சந்துக்குள் நடந்தாள்.

குஸ்தோதியோ வீட்டு வாசற்படியின் விரிசலில் முழங்கால் உயரத்துக்குக் களை. தமியாவ் கதவைத் தட்டினான். ஒரு பல்லி மட்டும் விசாரிக்க வந்தது. நிமிர்ந்து பார்த்தான். சொட்டென்று நெற்றியில் ஒரு துளி தண்ணீர்.

"ஐயோ! இப்பதான் போட்டிருக்கான் மேடம்! ஈரம் சொட்டுது! ஆளு உள்ளதான் இருக்கான்!"

"வாசல்ல காடு வளர்ந்திருக்கு. ஆளு ஜன்னல் வழியா பறந்து போறாரா?"

"மலைமாடுன்னாங்களே. பறக்கிற ஜாதியா இருக்காது."

எர்மீனியா கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்ப்பக்கம் குஸ்தோதியோவின் சாயம் போன ஜன்னல், மூடியிருந்தது. இந்தப் பக்கம் அன்செல்முவின் பச்சைக் கதவு ஜன்னல். நடுவே, இரண்டு உருளைகளில் ஓடும் கயிறு. அதில் சாயம் போன ஜன்னலை ஒட்டிப் பெரிய பெரிய சட்டைகள். அப்புறம் துண்டு. கடைசியாக, பச்சை ஜன்னலை ஒட்டி, பனியன், ஜட்டி, காலுறை.

"தமியாவ், உங்க வீட்ல துணி எப்படிக் காயும்?"

"ஒரு கொடி, ஒரு ஆளு. எப்படிக் காய்ஞ்சா என்ன மேடம், யாரு பார்க்கப் போறா?"

சிரிப்பு மூட்டத்தான் சொன்னான். அது சந்துக்குள் விழுந்த விதம் அவனுக்கே பிடிக்கவில்லை.

---

"பெலிஸ்பேலா அனுப்பினாங்க! சாவி வேணாம்!" என்று தமியாவ் படிக்கட்டில் நின்று கூவிய பிறகுதான் கதவு திறந்தது.

அன்செல்மு குருவி மாதிரி இருந்தார். காலர் கழுத்தைத் தொடாத சட்டை. கெடு நாளுக்காகச் சவரம் செய்து, மோவாயில் வெட்டுப்பட்ட இரண்டு இடத்தில் காகிதம் ஒட்டியிருந்தார். மூன்று பேருக்கும் செர்ரி மது ஊற்றினார். வீட்டில் கோப்பை இரண்டுதான். தனக்குத் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டார்.

"குஸ்தோதியோ வந்துடுவான்," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே. "கூட்டம்னா ஆகாது அவனுக்கு. ஆனா வந்துடுவான்."

"ரொம்ப நாள் சிநேகமா?" என்றாள் எர்மீனியா.

"சிநேகமா? முப்பது வருஷப் பகை!" கிழவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "கீழ நடுவுல ஓடுதே சாக்கடை, அதுதான் எல்லை. இந்தப் பக்கம் சாந்தா கித்தேரியா. அந்தப் பக்கம் சாவ் சிப்ரியானு. எங்க ஆளு இந்தப் பாதியைத்தான் பெருக்குவான், அவங்க ஆளு அந்தப் பாதியைத்தான். ஒருநாள் நட்டநடுவுல பூனை செத்துக் கிடக்கு. தலை எங்க பங்குல. வால் அவங்க பங்குல. எந்த ஆபீஸ் எடுக்கணும்? பேச்சுவார்த்தை நடக்குது, நாத்தம் தாங்கலை. குஸ்தோதியோ இறங்கி வந்தான், வாலைப் பிடிச்சான், எங்க பக்கம் வீசினான்."

"நீங்க?"

"நான் விடுவேனா? திருப்பி வீசினேன். அவன் வாசல்ல போய் விழுந்துச்சு."

தமியாவ் மதுவைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தான். கடுகுக் கறைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிவப்புக் கறை துணைக்குச் சேர்ந்தது.

"இந்தக் கயிறு?" என்றாள் எர்மீனியா.

"அப்பல்லாம் குறுக்கே கயிறு கட்டணும்னா ரெண்டு ஆபீஸும் சரின்னு சொல்லணும். இந்த ஆபீஸ் சொன்னா அந்த ஆபீஸ் சொல்லாது. பங்கை ஒழிச்சாங்க பாருங்க, அன்னைக்கு நான் ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டினேன். நிமிர்ந்து பார்க்கிறேன், எதிர்ல அவனும் கறுப்புத் துணி கட்டிக்கிட்டு நிக்கிறான். அவன் பங்கும் போச்சுல்ல! ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டோம். அவன்தான் முதல்ல சிரிச்சான். மறுநாள் உருளையும் கயிறுமா வந்து கதவைத் தட்டறான். 'இனிமே நடுவுல எவனும் இல்லடா அன்செல்மு, கட்டுடா'ங்கறான்." குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பங்கை ஒழிச்சவங்களை நான் திட்டாத நாள் இல்ல. ஆனா அவங்க ஒழிக்கலைன்னா அவன் எனக்காக இன்னைக்கு சாட்சி சொல்ல முடியாது. அவன் அயல் பங்கு ஆளு ஆச்சே!"

எர்மீனியா ஜன்னலுக்குப் போய்க் கயிற்றை இழுத்தாள். உருளை கிறீச்சிட்டது. காலுறை, ஜட்டி, துண்டு எல்லாம் நகர்ந்து, முதல் சட்டை கைக்கு வந்தது. காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

"தமியாவ், இங்க வா. உன் காலரைக் காட்டு."

"மேடம், பெரியவர் முன்னாடி மானத்தை வாங்காதீங்க."

"காட்டு."

அவன் காலரில் வியர்வைக் கோடு, ரோடு போட்ட மாதிரி. கயிற்றுச் சட்டையின் காலரில் கோடே இல்லை. தோள்பட்டை மட்டும் வெயிலில் வெளுத்து, நூல் தெரிந்தது.

எர்மீனியா சட்டையைப் பழையபடி தள்ளிவிட்டாள். அவசரப்படாமல் திரும்பினாள். "ஐயா, நாலு மணிக்கு நீங்களும் வரணும். உங்க சிநேகிதர் வரலைன்னா, ஏன் வரலைன்னு சொல்ல உங்களால மட்டும்தான் முடியும்."

கிழவர் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் தமியாவ் கிசுகிசுத்தான். "என்ன மேடம் நடக்குது? குஸ்தோதியோ எங்க?"

"கண்டுபிடிச்சாச்சு."

"அப்ப கூட்டிட்டுப் போகலாம்!"

"இன்னைக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், வாயை மூடிக்கிட்டு வா."

அந்தக் குரலை அவன் அதிகம் கேட்டதில்லை. மூடிக்கொண்டான்.

---

மலையடிவார அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இவோன் உட்கார்ந்திருந்தாள். பழைய சாந்தா கித்தேரியா அலுவலகத்திலிருந்து மேசையோடு மேசையாக இறக்கிக் கொண்டுவரப்பட்டவள். தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்பெனி வக்கீல், இஸ்திரி போட்ட புன்னகையோடு.

பெலிஸ்பேலா மூச்சிரைக்கச் சாட்சி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை தவிர தினம் ரொட்டி வாங்க வர்றாரு. நான் பார்க்கிறேன். போதுமா?"

"ஒண்ணு," என்றார் வக்கீல். "அதுவும் சிநேகிதி. ரெண்டாவது ஆளு?"

இவோன் கடிகாரத்தைப் பார்த்தாள். அன்செல்மு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"ரெண்டு ஆளு இல்லைன்னா, வேற தக்க அத்தாட்சி இருந்தா எடுத்துப்பீங்கதானே?" என்றாள் எர்மீனியா. இவோன் தலையாட்டினாள். எர்மீனியா கைபேசியை நீட்டினாள். "இது வக்கீல் சாரோட கம்பெனி வாசல்லயே ஓடுற படங்க. மாசம் ஒண்ணு. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. பச்சை ஜன்னலுக்கு முன்னாடி எப்பவும் துணி காயுது. ஆளில்லாத வீட்ல எப்படிக் காயும்?"

வக்கீல் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் பழைய படமா இருக்கும்."

"'இந்த மாதம்'னு எழுதியிருக்கே. அப்ப விருந்தாளிங்களை ஏமாத்துறீங்களா?"

புன்னகையில் ஒரு சுருக்கம் விழுந்தது. ஆனால் வக்கீல் வக்கீல்தான். "சரி, புதுசாவே இருக்கட்டும். சட்டை சைஸைப் பாருங்க. இந்தப் பெரியவர் அதுக்குள்ள குடும்பமே நடத்தலாம். இது எதிர்வீட்டுக்காரர் துணி. அவர் காயப்போடறார். அந்த வீட்ல ஆள் இருக்குங்கறதுக்குத்தான் இது அத்தாட்சி. இல்லைன்னா அவரை வரச் சொல்லுங்க."

தமியாவ் நாற்காலி நுனிக்கு வந்தான். முடிந்தது கதை! எர்மீனியாவைப் பார்த்தான். அவள் வக்கீலைப் பார்க்கவில்லை, அன்செல்முவைப் பார்த்தாள். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனாலும் அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கிழவர் வாசலிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அவன் வரமாட்டான்," என்றார் அன்செல்மு.

"என்னது?" என்றாள் பெலிஸ்பேலா.

"போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தி போயிட்டான். ஆஸ்பத்திரியில. அக்கரையில அவன் அக்கா புதைச்சுது. நான் போனேன். வேற யாருக்கும் சொல்லலை." தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப அழுக்குத் துணியை மூட்டையா கட்டி, கயித்துல மாட்டி, என் பக்கம் தள்ளிவிட்டான். 'தோய்ச்சு வைடா, வந்து வாங்கிக்கறேன்'னான். தோய்ச்சேன். காயப்போட்டேன். எதிர்ல அவன் ஜன்னல்கிட்ட சட்டை ஆடுச்சா... ஆளு இருக்கிற மாதிரி இருந்துச்சு. எடுத்து மடிச்சு வச்சதும் இல்லாத மாதிரி ஆயிடுச்சு. அதனால மறுபடி தோய்ச்சேன்."

பெலிஸ்பேலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "வருத்தமான விஷயம்தான். ஆனா அவர் சொல்றதுதானே? இந்தத் துணியைப் போட்டது பச்சை ஜன்னல்ல இருந்துதான்னு என்ன நிச்சயம்? கயித்தை எந்தப் பக்கமிருந்தும் இழுக்கலாமே."

"இவோன்," என்றாள் எர்மீனியா மெதுவாக, "நீங்க இந்த மலையில பொறந்தவங்க. படத்தை நல்லாப் பாருங்க. காலுறை எங்க இருக்கு?"

இவோன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். அடுத்த படம். அதற்கடுத்தது. ஜூன் தோரணப் படம். சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"சார், உங்க வீட்ல துணி போடறது யாரு?"

"மெஷின்தான்."

"அதான். எங்க அம்மா அடிச்சு சொல்லிக் குடுத்தது இது. முதல்ல பெரிய துணியை மாட்டித் தூரத் தள்ளணும். உள்துணியைக் கடைசியில மாட்டி நம்ம ஜன்னலோட ஒட்டி வச்சுக்கணும், எதிர்வீட்டுக்காரன் கண்ணுல படாம. தன்னோட ஜட்டியை அடுத்தவன் மூக்குக்கிட்ட தள்ளிவிடறவன் இந்த ஊர்ல எந்தப் பங்குலயும் கிடையாது." படத்தில் விரலை வைத்தாள். "ஒரு மாசம்கூடத் தவறாம, காலுறை பச்சை ஜன்னல்கிட்ட. துணி போட்ட கை அந்த வீட்டுக் கை."

தமியாவ் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டான். சந்தில் நின்று அவனும்தானே பார்த்தான்!

முத்திரை விழுந்தது. வக்கீல் பையை மூடினார்.

"பங்கு இருந்தப்ப," என்றாள் இவோன் சான்றை நீட்டிக்கொண்டே, "இதுக்கெல்லாம் யாரும் சாட்சி கேட்டிருக்கமாட்டாங்க, சென்யோர் அன்செல்மு. நானே மேல வந்து பார்த்திருப்பேன்."

கிழவர் சான்றை வாங்கித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். ஜெயித்த மனிதனின் முகம் அது இல்லை. இத்தனை மாதமாக ஒருவரைச் சாகவிடாமல் வைத்திருந்தவர், இப்போதுதான் அவரை அடக்கம் செய்துவிட்டு வருகிற மாதிரி நடந்தார்.

---

பெலிஸ்பேலா எல்லாருக்கும் முன்னால் மலை ஏறினாள். கடை வாசலில் நின்று, சாவியைத் துழாவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "உப்புதான். அன்னைக்குக் கருவாடு உப்புதான்."

ஊசிச் சந்தில் சாயங்கால வெயில் மேல்மாடிகளில் மட்டும் மிச்சமிருந்தது. அன்செல்மு கயிற்றை இழுத்தார். சட்டைகள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்குள் வந்தன. எர்மீனியா கிளிப்புகளைக் கழற்றிக் கூடையில் போட்டாள். கடைசியில் இரண்டு ஜன்னலுக்கும் நடுவே வெறும் கயிறு.

தமியாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏதாவது நையாண்டியாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். தன் வீட்டு மாடியில் ஒற்றை ஆள் துணி காயும் கொடிதான் கண்ணுக்குள் வந்தது.

அன்செல்மு அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். கடுகுக் கறையைப் பார்த்தார். மதுக் கறையைப் பார்த்தார். தொப்பையையும் பார்த்தார். பிறகு மடித்ததில் மேலாக இருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை உதறி, அவன் தோளில் வைத்து அளந்தார்.

"அவன் சைஸ்தான் நீ. போட்டுக்க."

"ஐயா, வேணாம்... நான் ஒரு நாள்ல நாறடிச்சுடுவேன். மேடமைக் கேளுங்க."

"தெரியுது." கிழவர் அவன் கையில் சட்டையைத் திணித்தார். "நல்லா அழுக்காக்கு. காலர் கறுக்கணும். அழுக்கானதும் இங்க கொண்டா, தோய்ச்சு வைக்கிறேன். வந்து வாங்கிக்க."